கொல்விட்ஸ் பற்றிப் பேச நிற்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியின் அச்சோவியக் கலைஞர் கேத்தே கொல்விட்ஸைப் பற்றி அருங்காட்சியகக் கூடங்களில் நடக்கும் உரைகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் பிழை ஒன்று உண்டு. ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்ற எட்சிங்கின் (செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) முன்னால் பேச்சாளர் வந்து நிற்பார். உடையில்லாத ஒரு தாய் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து, உயிர் போன பிள்ளையை அள்ளி அணைத்து, அதன் மார்பில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். பேச்சாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதல் உலகப் போரில் மகனைப் பறிகொடுத்த தாயின் கதறல் இது என்பார். கூட்டம் உச்சுக்கொட்டும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டில் 1903 என்று போட்டிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. கொல்விட்ஸின் இளைய மகன் பீட்டர் போரில் இறந்தது 1914 அக்டோபரில்.

1903-இல் பீட்டருக்கு 7 வயது. அந்தப் படத்தில் பிணமாகக் கிடப்பது அவன்தான், உயிரோடு. அவனை மடியில் கிடத்திக்கொண்டு, எதிரே கண்ணாடியை வைத்து, தன்னையும் அவனையும் பார்த்துப் பார்த்து வரைந்தார் கொல்விட்ஸ். பிள்ளையின் கனத்தைத் தாங்கியபடி அசையாமல் இருந்து வரைவது லேசான காரியமில்லை. வலியில் அவர் முனகியபோது, பேசாமல் இரு அம்மா, படம் அழகாக வரும் என்று பீட்டர் தேற்றினானாம். பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். இந்தப் படத்தைக் கண்காட்சியில் பார்த்த அவருடைய நெருங்கிய தோழி பேயாட்டே போனுஸ்-யேப், குட்டிப் பீட்டருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறிப்போனார். தோழியே தடுமாறிய இடத்தில் பேச்சாளர் தடுமாறுவதில் வியப்பில்லை. ஆனால் தோழியிடம் விவரச் சீட்டு இல்லை. பேச்சாளர் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கிறது.

ஆண்டு பிசகுவது மட்டும்தான் குறை என்றால் திருத்திக்கொண்டு போய்விடலாம். அதைவிடப் பெரிய கேடு ஒன்று இதில் இருக்கிறது. யோசித்து, திட்டமிட்டு, தகட்டைப் பலமுறை மாற்றிப் பார்த்து ஒரு கலைஞர் செய்த வேலையை, தாங்க முடியாமல் பொங்கிய கண்ணீராக இந்தக் கதை மாற்றிவிடுகிறது. ஆண் கலைஞர் ஒருவர் மரணத்தை வரைந்தால், அவர் வீட்டில் யார் செத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கொல்விட்ஸ் மிகவும் மதித்த மாக்ஸ் கிளிங்கர் மரணத்தைப் பற்றித் தொடர் தொடராக எட்சிங் செய்தார்; அதைச் சிந்தனை என்கிறோம். அதையே ஒரு பெண் செய்தால் வாழ்க்கைக் குறிப்பாகிவிடுகிறது.

‘போர்க்களம்’ என்ற எட்சிங் 1907-இல் செய்தது. இரவு. குனிந்த ஒரு பெண் கையில் விளக்குடன் பிணங்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்கிறாள். படம் முழுவதும் ஏறக்குறைய கறுப்பு. விளக்கின் வெளிச்சம் விழுவது அவளுடைய கை மீதும், அந்தக் கை தொட்டுப் பார்க்கும் இளைஞனின் முகத்தின் மீதும் மட்டுமே. நரம்பு புடைத்த, மண்வேலை செய்து காய்த்த கை. இதுவும் பீட்டர் சாவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது. மகனைப் பறிகொடுத்த தாய் என்ற உருவத்தை அவர் தன் கலையில் நீண்ட காலம் உழைத்துக் கண்டடைந்தார். வாழ்க்கை பிறகுதான் அதை வந்து பிடித்தது. வாழ்க்கை வரலாற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டுமென்றால், அவர் சிறுமியாக இருந்தபோது தம்பி பெஞ்சமின் இறந்ததையும், அம்மா அந்தத் துயரை வெளியே காட்டாமல் அடக்கிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்ததையும் சொல்லலாம். அதை அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பீட்டரின் கதையை எங்கே, எப்படிச் சொல்வது

சொல்லாமல் விடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடம் ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்குகளின் முன்னால். அவற்றை 1920-களின் தொடக்கத்தில் செய்தார். அங்கேயும் கதையைப் பாதியாக்கிச் சொல்வதுதான் வழக்கமாக இருக்கிறது: போர் மகனைத் தின்றது, தாய் அழுதாள் என்று. நடந்தது இதைவிடக் கசப்பானது.

1914 ஆகஸ்டில் 18 வயதுப் பீட்டர் தானாகவே படையில் சேர விரும்பினான். வயது வராததால் அப்பாவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. டாக்டர் கார்ல் கொல்விட்ஸ் மறுத்தார். கணவரிடம் பேசி மனத்தை மாற்றியவர் கேத்தே. இரண்டு மாதம் கழித்து, பெல்ஜியத்தின் டிக்ஸ்மூடே அருகில் பீட்டர் இறந்தான். அந்தக் குற்ற உணர்ச்சியை விட்டுவிட்டு ‘போர்’ தொடரைப் பார்த்தால் அதன் முதல் படம் புரியவே புரியாது. ‘பலி’ என்பது அதன் பெயர். நிர்வாணமான ஒரு தாய் தன் கைக்குழந்தையை இரண்டு கைகளாலும் தூக்கி நீட்டுகிறாள். பிடுங்க ஆளே இல்லை. அவள் தானே கொடுக்கிறாள். இரண்டாவது படம் ‘தொண்டர்கள்’, அதாவது தாமாகவே படையில் சேர்பவர்கள். அதில் மரணம் முரசறைந்துகொண்டு முன்னால் போகிறது. வாய் பிளந்த இளைஞர்கள் பின்தொடர்கிறார்கள். மரணத்தை ஒட்டி முதலில் நிற்பவன் பீட்டர். ஏழு படங்களிலும் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, கொடி இல்லை. ‘போர்’ என்று பெயரிட்டு வீட்டில் இருப்பவர்களை மட்டும் வரைந்திருக்கிறார்: பெற்றோர், கைம்பெண்கள், பிள்ளைகளைச் சுற்றி வளையமாகக் கட்டிக்கொண்டு நிற்கும் தாய்மார்கள். இதைக் கூட்டத்தாரே கண்டுபிடிக்கும்படி விடுங்கள். சிப்பாய்கள் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

1918 அக்டோபரில், போர் தோற்கும் தறுவாயில், கவிஞர் ரிச்சர்ட் டெமல் இன்னும் தொண்டர்கள் திரண்டு வர வேண்டும் என்று பத்திரிகையில் அறைகூவல் விடுத்தார். கொல்விட்ஸ் அதற்குப் பகிரங்கமாக மறுப்பு எழுதி, கோத்தேயின் ஒரு வரியை மேற்கோள் காட்டினார்: விதைநெல்லை அரைக்கக்கூடாது. 1942 வாக்கில் அவர் செய்த கடைசிக் கல்லச்சுக்கும் (கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு) அந்த வரிதான் தலைப்பு. வயதான ஒரு தாய், துறுதுறுவென்று வெளியே எட்டிப் பார்க்கும் சிறுவர்களைத் தன் மேலங்கிக்குள் கைகளால் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அதே 1942-இல் அவருடைய பேரன் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர். இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். பெரும்பாலான பேச்சாளர்களுக்கு இதுதான் கடினமாக இருக்கிறது.

எல்லாம் ஒரே அச்சில்லை

இனி என் பெரிய புகாருக்கு வருகிறேன். முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, சுவரில் இருப்பவை எப்படிச் செய்யப்பட்டவை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘கறுப்பு வெள்ளை ஓவியங்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வார்கள், அல்லது எல்லாவற்றையும் மரச்செதுக்கு என்பார்கள். இவரை முன்னோடி ஆக்கியதே அந்தத் தேர்வுகள்தான். எட்சிங், கல்லச்சு, மரச்செதுக்கு என்று மூன்றிலும் தேர்ந்து, எந்தப் பொருளுக்கு எது பொருந்தும் என்று தேடித் தேடி மாற்றிக்கொண்டே இருந்தவர் அவர்.

அடிப்படையைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். எட்சிங்கில் செம்புத் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கும். ஊசியால் கீறிய இடத்தை அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பள்ளத்தில் மை நிற்கும். ஈரக் காகிதத்தை வைத்து அழுத்த உருளையில் கொடுத்தால் காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். கல்லச்சில் பள்ளமும் கிடையாது, மேடும் கிடையாது. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். மரச்செதுக்கில் வெள்ளையாக வர வேண்டியதை உளியால் தோண்டி எறிவார்கள். மிஞ்சிய மேடு கறுப்பாக விழும். இவ்வளவுதான். பிறகு ஒவ்வொருவராகப் படத்தின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எட்சிங் என்றால், படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் ஒரு சட்டம் போலத் தெரியும். சட்டகத்துக்குள் காகிதம் முழுதாகத் தெரிந்தால் பக்கவாட்டில் நின்று பார்த்தாலே போதும். கல்லச்சில் அந்தத் தடம் இருக்காது.

இந்த வித்தியாசத்தைக் காட்ட ‘நெசவாளர் எழுச்சி’யைவிட நல்ல இடம் இல்லை. 1893 பிப்ரவரியில் பெர்லினில் கெர்ஹார்ட் ஹவுப்ட்மனின் ‘நெசவாளர்கள்’ நாடகத்தின் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, செய்துகொண்டிருந்த வேறொரு தொடரைக் கிடப்பில் போட்டுவிட்டுக் கொல்விட்ஸ் இதைத் தொடங்கினார். 1844-இல் சிலேசியாவின் நெசவாளர்கள் வயிற்றுப்பாட்டுக்காகக் கிளர்ந்தெழுந்ததுதான் பின்னணி. தொடரை முடிக்க 1897 ஆயிற்று. ஆறு படங்கள்: வறுமை, மரணம், ஆலோசனை, ஊர்வலம், தாக்குதல், முடிவு. முதல் மூன்றும் கல்லச்சு, பின் மூன்றும் எட்சிங். ‘ஆறு எட்சிங்குகள்’ என்று சொல்வது பரவலான பிழை. எல்லாவற்றையும் எட்சிங்கில் செய்யத்தான் முதலில் முயன்றார். அவர் கை அப்போது அதற்கு முழுதாகப் பழகியிருக்கவில்லை. அதனால் மூன்றைக் கல்லுக்கு மாற்றினார். இதைச் சொல்லக் கூச்சப்படும் பேச்சாளர்கள் உண்டு, மேதையின் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. முப்பது வயதுக்குள் இருந்த ஒரு பெண், கையில் ஒரு குழந்தையும் பிறகு இன்னொன்றுமாக, கணவரின் மருத்துவமனைக்குப் பக்கத்து அறையில் தனக்குப் பிடிபடாத ஒரு தொழில்நுட்பத்துடன் நான்கு ஆண்டு மல்லுக்கட்டியது, மேதைமையைப் பற்றிய எந்தப் பாராட்டுரையையும்விடச் சுவாரஸ்யமானது.

‘உழவர் போர்’ தொடருக்கு வரும்போது அந்தத் தடுமாற்றம் எங்கேயோ போய்விட்டது. 1524-25-இல் ஜெர்மானிய உழவர்கள் நடத்திய கிளர்ச்சியைப் பற்றிய ஏழு எட்சிங்குகள், 1908-இல் முடிந்தன. ‘வெடித்தெழுதல்’ என்ற ஐந்தாவது படத்தில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறுப்பு அன்னா என்ற கிழவி இரண்டு கைகளையும் உயர்த்தி நிற்கிறாள். அவள் ஏவ, கூட்டம் அரிவாளும் கவையுமாகப் பாய்கிறது. அவள் முகத்தை நாம் பார்க்கவே முடியாது. முதுகும் கைகளுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. நெருங்கிப் போய் இருண்ட பகுதிகளைப் பார்த்தால் நெசவின் குறுக்கும் நெடுக்குமான இழைகள் தெரியும். அது வரைந்ததல்ல. தகட்டின் மேல் மிருதுவான மெழுகைப் பூசி, அதில் உண்மையான துணியை அழுத்தி எடுத்து, அந்தச் சுவட்டை அமிலத்தில் அரிக்க விட்டிருக்கிறார். ஒரே தகட்டில் கோட்டு எட்சிங், அக்வாடின்ட் (கோடில்லாமல் நிழல் பரப்பைத் தரும் அமில அரிப்பு), நேரடியாக ஊசியால் கீறுவது, துணியின் சுவடு எல்லாம் கலந்து கிடக்கின்றன. இன்னொன்று: வரிசையில் ஐந்தாவதாக இருக்கும் இந்தப் படத்தைத்தான் முதலில் செய்தார். சுவரில் மாட்டியிருக்கும் வரிசையையே செய்த வரிசையாக நினைத்துக்கொண்டு, பாருங்கள் எப்படிப் படிப்படியாக வளர்ந்தார் என்று விளக்கிவிடாதீர்கள்.

தேடித் தேடி மாற்றினார் என்றேனே, அதற்கு மிகச் சிறந்த சான்று கார்ல் லீப்க்னெக்ட் நினைவுப் படம். புரட்சியாளரான லீப்க்னெக்ட் 1919 ஜனவரி 15 அன்று கொல்லப்பட்டார். அடக்கம் நடந்த ஜனவரி 25 அன்று குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி கொல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். முதலில் எட்சிங்காகச் செய்தார், பிடிக்கவில்லை. கல்லச்சில் செய்தார், அதுவும் திருப்தியில்லை. 1920 ஜூனில் ஒரு கண்காட்சியில் எர்ன்ஸ்ட் பார்லாஹின் மரச்செதுக்குகளைப் பார்த்ததும் வழி தெரிந்துவிட்டது. 53 வயதில், பெயர் பெற்ற எட்சிங் கலைஞர், உளியை எடுத்துப் புதிதாகத் தொடங்கினார். முடிவில் வந்த படத்தில் வெள்ளைத் துணி போர்த்திய உடல் அடியில் படுக்கையாகக் கிடக்கிறது. அதன் மேல் தொழிலாளர்கள் அடுக்கடுக்காகக் குனிகிறார்கள். ஒருவரின் பெரிய கை பிணத்தின் மார்பில் அமர்ந்திருக்கிறது. பின்னால் ஒரு பெண் குழந்தையை எட்டிப் பார்க்க வைக்கிறாள். எட்சிங்கில் இருந்த நுணுக்கங்கள் எல்லாம் போய்விட்டன. வரைவுகளும் பக்கத்தில் மாட்டியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அங்கேயே கால் மணி நேரம் செலவழியுங்கள். அச்சோவியத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

நிறமே தெரியாதவர் என்று நினைப்பதும் தவறுதான். 1900-களின் தொடக்கத்தில் பாரிஸ் போய் வந்த காலத்தில் வண்ணக் கல்லச்சுகள் செய்தார். 1903-இல் செய்த, நீலச் சால்வை போர்த்திய உழைக்கும் பெண்ணின் படம் மிக மென்மையானது. பின்னால் நிறத்தை விட்டுவிட்டார். தெரியாமல் விடுவது வேறு, தெரிந்து விடுவது வேறு.

பேச்சாளர் தன் வாழ்நாளில் ஒரு தடவையாவது அச்சு எடுப்பதை நேரில் பார்த்திருந்தால் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு இது எளிது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கிராஃபிக்ஸ் பட்டறை இருக்கிறது. கவின் கலைக் கல்லூரியில் இதற்கென்றே துறை இருக்கிறது. தகட்டிலிருந்து காகிதத்தைத் தூக்கும் அந்த ஒரு நொடியைப் பார்த்தவர் பேசுவதும், புத்தகத்தில் படித்தவர் பேசுவதும் ஒன்றாக இருக்காது.

‘முதல் பெண்’ என்ற பட்டம்

முன்னோடி என்ற சொல்லை நிரூபிக்க உடனே ‘முதல் பெண்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். உலகின் முதல் பெண் அச்சோவியர் என்றுகூட அறிமுகத்தில் கேட்டிருக்கிறேன். இத்தாலியின் டயானா ஸ்கல்தோரி தன் செதுக்குத் தகடுகளைத் தன் பெயரிலேயே அச்சிட்டு விற்கப் போப்பாண்டவரிடம் உரிமை வாங்கியது 1575-இல். ஜெர்மானிய இயற்கையியல் ஓவியர் மரியா சிபில்லா மேரியனின் பூச்சிப் படங்கள் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர் மேரி கசாட் பத்து வண்ண அச்சோவியங்களைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தது 1891-இல். இவர்களை அழித்துவிட்டுக் கொல்விட்ஸுக்கு மகுடம் சூட்ட வேண்டியதில்லை.

அவர் உடைத்த கதவுகள் எவை என்று குறிப்பாகச் சொன்னால் போதும். அவர் படித்த காலத்தில் பெர்லின் கலை அகாதமியில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். அதனால் பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கான தனிப் பள்ளிகளில் படித்தார். ஓவியராகத்தான் ஆசைப்பட்டார். பெர்லின் ஆசிரியர் கார்ல் ஸ்டாஃபர்-பேர்ன் கிளிங்கரின் எட்சிங்குகளைப் பார்க்கச் சொன்னார். வாழ்க்கையின் இருண்ட பக்கத்தைச் சொல்லக் கோட்டோவியமும் அச்சுமே ஏற்றவை என்று கிளிங்கர் எழுதியதைப் படித்த பிறகு வண்ணத்தூரிகையை வைத்துவிட்டார். தன்னை மாணவியாகச் சேர்க்காத பிரஷ்யக் கலை அகாதமிக்கு 1919-இல் உறுப்பினரானார், பேராசிரியர் பட்டத்துடன். 1928-இல் அங்கே அச்சோவிய உயர்வகுப்பின் பொறுப்பேற்றார். 1933-இல் நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக அவரை வெளியேற வைத்தார்கள்.

பதக்கக் கதையிலும் ஒரு திருத்தம் வேண்டும். ‘நெசவாளர் எழுச்சி’ 1898-இல் பெர்லின் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டது. முதிய ஓவியர் அடால்ஃப் மென்சல் இருந்த நடுவர் குழு சிறிய தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. ஜெர்மானியப் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். பெண் என்பதால் மறுத்தார் என்று முடித்துவிடுவார்கள். பெண் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அமைச்சர் மன்னருக்குக் கொடுத்த ஆலோசனையில் சொன்னது இன்னும் வெளிப்படையானது: கலை நோக்கில் பரிந்துரை சரியாகவே இருக்கலாம், எடுத்துக்கொண்ட பொருளும், ஆறுதலுக்கு இடமே வைக்காமல் அதைக் காட்டிய விதமும்தான் அரசு பாராட்ட முடியாதவை. தொழிலாளர் எழுச்சியைப் பார்த்து அரசு பயந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் படத்தின் கூர்மை மழுங்கிவிடும். அடுத்த ஆண்டே டிரெஸ்டனில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அங்கே அச்சோவியச் சேகரிப்பின் பொறுப்பில் இருந்த மாக்ஸ் லேர்ஸ் ஆரம்பத்திலேயே அவர் படைப்புகளை வாங்கி வைத்தார்.

முத்திரை குத்துவது

கம்யூனிஸ்ட் ஓவியர் என்று ஒரு தரப்பு, ஏழைகளின் தாய் என்று இன்னொரு தரப்பு. இரண்டும் வசதியான முத்திரைகள். அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. 1927-இல் மாஸ்கோவுக்கு அழைப்பின் பேரில் போனார். ரஷ்யப் பஞ்சத்துக்கு நிதி திரட்டச் சுவரொட்டி செய்தார். 1924-இல் லைப்சிக் இளைஞர் மாநாட்டுக்கு ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்று கையைத் தூக்கிக் கூவும் சுவரொட்டியைச் செய்தார். லீப்க்னெக்டின் அரசியலைப் பின்பற்றாமலே, தொழிலாளர்கள் அவருக்குப் பிரியாவிடை கொடுத்ததை வரைய ஒரு கலைஞராகத் தனக்கு உரிமை உண்டு என்று நாட்குறிப்பில் வாதாடுகிறார். இல்லையா என்று தன்னையே கேட்டும் கொள்கிறார்.

இரக்கத்தால் ஏழைகளை வரைந்தார் என்பதை அவரே மறுத்திருக்கிறார். முதுமையில் எழுதிய நினைவுக்குறிப்பில், தொடக்கத்தில் தன்னை ஈர்த்தது இரக்கமல்ல, தொழிலாளர்களின் அசைவிலும் உடலிலும் தெரிந்த அழகுதான் என்கிறார். வசதியான வீட்டு மனிதர்கள் அவருக்குச் சுவாரஸ்யமற்றவர்களாகத் தெரிந்தார்கள். பெர்லினின் உழைக்கும் மக்கள் பகுதியில் கணவரின் மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் பேசப் பேசத்தான் அந்த வாழ்க்கையின் கொடுமை புரிந்தது. இந்த வாக்குமூலத்தை விட்டுவிட்டு அன்னை பட்டம் கொடுப்பவர்கள் அவருடைய கண்ணைப் பறித்துக்கொள்கிறார்கள். ‘ஊர்வலம்’ படத்தைப் பாருங்கள்: நெசவாளர்கள் சுருண்டு கிடக்கவில்லை, நடக்கிறார்கள்.

நம்மோடு தொடர்புபடுத்தும் ஆசையும் பேச்சாளர்களை விடுவதில்லை. கொல்விட்ஸைத் தமிழ்த் தாய்மார்களோடு ஒப்பிடுவது போன்ற இட்டுக்கட்டல்கள் தேவையில்லை. உண்மையான தொடர்புகளே ஏராளம். சீன எழுத்தாளர் லூ சுன், தன் இளம் நண்பர் ரூ ஷி கொல்லப்பட்டதும் 1931-இல் ஒரு பத்திரிகையில் ‘பலி’ மரச்செதுக்கை அச்சிட்டு அஞ்சலி செலுத்தினார். 1936-இல் கொல்விட்ஸின் அச்சோவியத் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார். சீனாவின் நவீன மரச்செதுக்கு இயக்கத்துக்கு அது பாடப் புத்தகமாயிற்று. இந்தியாவில் 1943-இன் வங்கப் பஞ்சத்தை நடந்து நடந்து வரைந்த சித்தபிரசாத், அவரோடு சேர்ந்து பழகிப் பின்னர் பெரிய அச்சோவியரான சோம்நாத் ஹோர் இருவரின் வேலையிலும் கொல்விட்ஸின் பாதிப்பு தெளிவாகத் தெரியும்.

கூடத்தில் நிற்கும்போது

‘வறுமை’ என்ற கல்லச்சு நீளமும் அகலமும் 15 சென்டிமீட்டர் அளவுதான், ஒரு சாண்கூட வராது. அதன் முன்னால் 30 பேரை நிறுத்திப் பேசினால் 25 பேர் உங்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு ‘வெடித்தெழுதல்’ போன்ற பெரிய தகடுகளை வைத்துக்கொள்ளுங்கள். சிறியவற்றைச் சொல்லிவிட்டு, பேச்சு முடிந்ததும் போய்ப் பாருங்கள் என்று அனுப்புங்கள். அறை இருட்டாக இருக்கிறது என்று கண்காட்சி ஊழியரிடம் சண்டை போட வேண்டாம். காகிதப் படைப்புகளைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கிய வெளிச்சத்தில்தான் வைப்பார்கள். சில மாதம் காட்டிவிட்டு நீண்ட காலம் இருட்டில் ஓய்வு கொடுப்பார்கள். செல்பேசி விளக்கை அடித்துக் காட்டுவது, பேனாவால் கண்ணாடியைத் தொட்டுச் சுட்டுவது இரண்டும் கூடாது.

இடம் வலம் பற்றிப் பேசும்போதும் கவனம் தேவை. தகட்டில் இடப்பக்கம் வரைந்தது காகிதத்தில் வலப்பக்கம் விழும். முன்வரைவும் அச்சும் ஒன்றையொன்று திருப்பிப் போட்டதுபோல் இருப்பது அதனால்தான்.

கடைசியில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: இது ஒரிஜினலா, காப்பியா? இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்குவதும் தவறு. இங்கே எல்லாமே ஒரிஜினல்தான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. ஓவியத்தை நிழற்படம் எடுத்து அச்சடிப்பது நகல். அச்சோவியமோ தகட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு தாளும் மூலப் படைப்புத்தான். ஆனால் எல்லாத் தாள்களுக்கும் ஒரே மதிப்பு இல்லை. வேலை நடக்கும்போதே அவர் எடுத்துப் பார்த்த சோதனை அச்சுகள் உண்டு. சிலவற்றில் பென்சிலும் கரியும் கொண்டு மேலே திருத்தியிருப்பார். ‘இறந்த குழந்தையுடன் பெண்’ணின் அரிய பிரதிகள் சிலவற்றில் பின்னணியில் பொன்னிறம்கூட உண்டு. அவர் கையெழுத்திட்ட பதிப்புகள் உண்டு. செம்புத் தகட்டின் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றினால் அது தேயாமல் நிறையத் தாள்கள் தரும். அப்படிப் பாதுகாக்கப்பட்ட தகடுகளிலிருந்து பெர்லின் பதிப்பாளர் ஃபான் டெர் பெக்கேயின் நிறுவனம் கொல்விட்ஸ் 1945 ஏப்ரலில் இறந்த பிறகும் பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றது. அந்தத் தாள்களில் மையில்லாமல் அழுத்திய முத்திரை இருக்கும். அவையும் அதே தகட்டில் வந்தவைதான். ஆனால் அவர் கண் முன்னால் அச்சானவை அல்ல. விவரச் சீட்டில் படைப்பு ஆண்டுக்குப் பக்கத்தில் அச்சான ஆண்டும் இருந்தால் அதை வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் காப்பாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று கேட்டவரின் மின்னஞ்சலை வாங்கிக்கொள்ளுங்கள்.